பாலரூப்பில் வேலை, ஆல்பெர்ட்ஸ்லுண்டில் வீடு: சரிவருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு மேற்கே பாலரூப்பில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவியும் ஐந்து வயதுப் பெண்ணும் கூட வருகிறார்கள். வீடு தேடியதில் ஆல்பெர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரில் வாடகை கையைக் கடிக்காத அளவில் இருக்கிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் உங்கள் நண்பர் ஒருவர், "அது வெஸ்டைனன் (மேற்குப் புறநகர் வட்டாரம்), அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டார். எந்த நகராட்சியில் வரி குறைவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது வாடகை, வரி பற்றிய கேள்வி. எனக்குப் படுவது வேறு. முன்பின் தெரியாத ஊரில் பெண் குழந்தை பயமில்லாமல் வளருமா, விவரம் தெரியாமல் தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொள்வோமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மழைநீர் வடிகால் பொறியாளர். பதினேழு வருடமாக கோபன்ஹேகனின் மேற்குப் புறநகர்களில் தெருக்களையும் ஓடைகளையும் அளந்துகொண்டிருக்கிறேன். அதில் ஒன்பது வருடம் ஆல்பெர்ட்ஸ்லுண்டிலேயே குடியிருந்தேன். அந்த ஊர்மேல் எனக்குப் பாசம் உண்டு, அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். வாடகைத் தொகை எதையும் இங்கே நான் எழுதவில்லை. அது மாதத்துக்கு மாதம் மாறுவது, நான் இன்று எழுதும் எண் நீங்கள் வந்து இறங்கும்போது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் வலது கையை மேசைமேல் குப்புற வைத்து, விரல்களை இடப்பக்கமாகவும் கொஞ்சம் மேலாகவும் விரியுங்கள். உள்ளங்கை இருக்கும் இடம் கோபன்ஹேகன் நகரம். கட்டைவிரல் தெற்கே கடலோரமாகக் கொய என்ற ஊரை நோக்கிப் போகிறது. ஆள்காட்டி விரல் மேற்கே ரொஸ்கில்டவை நோக்கி. நடுவிரல் ஃப்ரெடரிக்ஸ்சுண்டை நோக்கி. மற்ற இரண்டும் வடக்கே ஹில்லரொட், ஹெல்சிங்கொர். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. 1947இல் ஸ்டீன் ஐலர் ராஸ்முஸ்ஸன், பீட்டர் ப்ரெட்ஸ்டோர்ஃப் ஆகியோர் முன்னின்று உருவாக்கிய நகரத் திட்டத்துக்குப் பெயரே விரல் திட்டம். வரைபடத்தின்மேல் ஒரு கையை வரைந்தே அதை மக்களுக்குக் காட்டினார்கள். நகரம் எண்ணெய்க்கறை மாதிரி எல்லாப் பக்கமும் பரவக்கூடாது. ரயில் போகும் ஐந்து விரல்கள் வழியாக மட்டும் வளர வேண்டும். விரல்களுக்கு நடுவில் இருக்கும் வயலும் காடும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அது ஏட்டோடு போகவில்லை. 2007 முதல் அரசின் கட்டாய வழிகாட்டுதலாகவே இருக்கிறது. பெரிய அலுவலகம் கட்டுவதானால் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் கட்ட வேண்டும் என்கிற விதி வரை அதில் உண்டு.

உங்கள் பிரச்சினை இந்தக் கையிலேயே இருக்கிறது. பாலரூப் நடுவிரலில் இருக்கிறது. ஆல்பெர்ட்ஸ்லுண்ட் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டும் அக்கம்பக்கம், நடுவில் எட்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் எஸ்-ரயில் என்ற புறநகர் ரயில் விரலோடுதான் ஓடும், விரலுக்கு விரல் தாவாது. ஆல்பெர்ட்ஸ்லுண்டில் ஏறி, நகரத்தை நோக்கி வால்பி வரை போய், அங்கே மாறி, மறுபடி வெளிப்பக்கமாகப் பாலரூப்புக்குத் திரும்ப வேண்டும். நடையும் காத்திருப்பும் சேர்த்தால் 40 நிமிடத்துக்குக் குறையாது. அதே தூரத்தை சைக்கிளில் காட்டு வழியாகப் போனால் அரை மணி நேரம். டென்மார்க்கில் பலர் அப்படித்தான் போகிறார்கள். நீங்கள் வந்த முதல் நவம்பரில், மழையும் எதிர்க்காற்றும் அடிக்கும்போது, அதைச் செய்வீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் ஊரின் பெயரைச் சொல்லித் தடுத்தார். நான் தடுப்பதாக இருந்தால் இந்தப் பயணத்தைச் சொல்லித்தான் தடுப்பேன்.

விரல்களைக் குறுக்கே இணைக்க வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. அதற்காகத்தான் மூன்றாம் வட்டச்சாலையை ஒட்டி ஒரு டிராம் பாதை போட்டிருக்கிறார்கள். தெற்கே இஷ்ஹொயிலிருந்து வடக்கே லிங்பி வரை 28 கிலோமீட்டர், 29 நிறுத்தங்கள். 2025 அக்டோபரில் தெற்குத் துண்டு திறந்தது. ஹெர்லெவ் வழியாக லிங்பி போகும் மீதித் துண்டுக்கு 2026ஐக் குறித்திருக்கிறார்கள். அது முழுதாக ஓடினால் குளோஸ்ட்ரூப்பில் இருப்பவர் ஹெர்லெவ் போய் அங்கிருந்து பாலரூப் ரயிலைப் பிடிக்கலாம், வால்பி வரை சுற்ற வேண்டாம். ஆல்பெர்ட்ஸ்லுண்டுக்கு குளோஸ்ட்ரூப் அடுத்த நிலையம் என்பதால் உங்களுக்கும் பயன்படும். எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதை நீங்களே ஒரு காலை நேரத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள். கால அட்டவணையை நம்பி வீடு பிடிக்காதீர்கள்.

சரி, ஊருக்கு வருவோம். 1960களின் தொடக்கம் வரை ஆல்பெர்ட்ஸ்லுண்ட் என்று ஒரு நகரமே கிடையாது. ஹெர்ஸ்டெட்ஒஸ்டர், ஹெர்ஸ்டெட்வெஸ்டர் என்று இரண்டு பழைய தேவாலயக் கிராமங்கள், சுற்றிலும் கோதுமையும் பார்லியும் விளையும் வயல். 1847இல் போட்ட, நாட்டின் முதல் ரயில் பாதை அந்த வயல்களைக் கடந்து ரொஸ்கில்டவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1963இல் எஸ்-ரயில் அங்கே வரை நீண்டது. அப்புறம் பத்தே வருடத்தில் வயல்மேல் ஒரு முழு நகரம் எழுந்தது. நகராட்சி இன்றைய பெயரை வைத்துக்கொண்டதே 1973இல்தான். அதற்கு முன் ஹெர்ஸ்டெட் கிராமங்களின் பெயர்தான் அதற்கும். இப்போது 23 சதுர கிலோமீட்டரில் இருபத்தேழாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேலே இருப்பார்கள். நம் கணக்கில் இது ஒரு சிறிய பேரூர்தான். ஆனால் டென்மார்க்கில் பள்ளிக்கூடம், மழலையர் காப்பகம், முதியோர் கவனிப்பு எல்லாம் நகராட்சியின் கையில் இருப்பதால், நகராட்சி எப்படி என்பது அன்றாட வாழ்க்கையை நேராகத் தொடும்.

அந்த நகரத்தை வரைந்தவர்கள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். காரும் குழந்தையும் ஒரே தளத்தில் சந்திக்கக்கூடாது. அதனால் தெற்கு ஆல்பெர்ட்ஸ்லுண்டில் கார்களுக்குத் தனிப் பாதை, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஒன்று கீழே சுரங்கமாகப் போகும், அல்லது மேலே பாலமாகப் போகும். கேட்கும்போது பெரிய விஷயமாகத் தெரியாது. டிசம்பரில் காலை ஏழே முக்காலுக்கு அங்கே நின்று பார்த்தால் தெரியும். பள்ளி எட்டு மணிக்கு, சூரியன் எட்டரைக்கு மேல்தான் வரும். அந்தக் கும்மிருட்டில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் மூன்றும் நான்குமாகச் சைக்கிளில் வருவார்கள். முதுகுப்பையில் ஒட்டியிருக்கும் பட்டைகள் மினுங்கும். சுரங்கத்துக்குள் நுழையும்போது எதிரொலி கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் கத்துவான், அடுத்தவன் பதில் கத்துவான். தலைக்கு மேலே கார்கள் போய்க்கொண்டிருக்கும். பெரியவர் ஒருவரும் கூட இருக்க மாட்டார். என் மகன் அந்தச் சுரங்கத்தில் கத்தி வளர்ந்தவன். நான் சென்னையில் பள்ளிக்குப் போன காலத்தில் சாலையைக் கடக்கும்வரை அம்மா என் மணிக்கட்டை விட்டதே இல்லை. அதனாலேயே அந்தக் காட்சியை நின்று பார்க்காமல் எனக்கு வேலைக்குப் போக மனசு வராது. பாதையோரம் நிற்கும் வட்டத் தொப்பி போட்ட தெருவிளக்குகளையும் கவனியுங்கள். யென்ஸ் மொல்லர்-யென்சன் இந்தக் குடியிருப்புக்காக வடிவமைத்தது, இன்றும் ஆல்பெர்ட்ஸ்லுண்ட் விளக்கு என்ற பெயரில்தான் விற்பனையாகிறது.

வீடுகளும் அப்படித்தான். தெற்கில் ஆயிரம் அளவில் முற்ற வீடுகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து பொருத்திய ஒற்றைத்தள வீடு. ஆங்கில 'எல்' எழுத்து வடிவில் இரண்டு பக்கம் அறைகள். மற்ற இரண்டு பக்கம் மதில். நடுவில் திறந்த முற்றம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவர்ச் சந்துதான் தெரியும், முதல் தடவை வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். உள்ளே போனால் முற்றத்தில் ஒரு பிளம் மரமும், துணி காயப்போட இடமும், குழந்தை உருள ஒரு துண்டுப் புல்லும் இருக்கும். முற்றம் வைத்த வீடு நமக்குப் பழக்கமானது என்பதால் என் அம்மாவுக்கு டென்மார்க்கில் பிடித்த ஒரே வீடு அதுதான். குறையும் சொல்ல வேண்டும். இந்தத் தட்டைக் கூரைகள் ஒழுகின. அவசரமாகக் கட்டிய காலத்துக் கட்டடங்களுக்கு உள்ள ஈரமும் குளிரும் இவற்றிலும் உண்டு. ஊரின் பல பகுதிகளில் வருடக்கணக்கில் பெரிய சீரமைப்பு நடந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடு சீரமைப்பு முடிந்ததா, நடக்கப்போகிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நடக்கப்போகிறது என்றால் இடையில் தற்காலிக வீட்டுக்கு மாறச் சொல்வார்கள்.

என் தொழில் சார்ந்து ஒரு வார்த்தை. நிலையத்தின் பக்கமிருந்து தெற்கே ஒரு நேர்க்கோட்டுக் கால்வாய் ஓடும். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். அது மழைநீரைத் தாங்கி மெல்ல விடுவதற்காக நகரம் கட்டும்போதே வெட்டியது. 2011 ஜூலை 2ஆம் தேதி கோபன்ஹேகனில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருமழை கொட்டி நிலவறைகள் எல்லாம் நிரம்பின. அதற்குப் பிறகு மற்ற ஊர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தேடிய தீர்வு, தண்ணீரைக் குழாய்க்குள் ஒளிக்காமல் தரைமேல் இடம் கொடுப்பது. இங்கே அது 1960களிலேயே இருந்தது. ஆல்பெர்ட்ஸ்லுண்ட் பக்கம் உருவாகும் ஹாரெஸ்ட்ரூப் ஓடை உங்கள் பாலரூப் எல்லையைத் தொட்டு, கீழே கோபன்ஹேகனுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அதன் வெள்ளத்தைச் சமாளிக்கப் பத்து நகராட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. இந்த ஊர்கள் தனித்தனி ஊர்கள் இல்லை என்று எனக்குப் புரியவைத்தது அந்த ஓடைதான். மேலே ஒருவர் சிமெண்ட் போட்டால் கீழே இன்னொருவர் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

இப்போது அந்தக் கெட்ட பெயருக்கு வருகிறேன். வெஸ்டைனன் என்றால் மேற்கு வட்டாரம், அவ்வளவுதான் பொருள். குளோஸ்ட்ரூப், ப்ரொன்பி, ஹ்விடோவ்ர, ரொடோவ்ர, ஆல்பெர்ட்ஸ்லுண்ட், வாலன்ஸ்பெக், இஷ்ஹொய், ஹொய-டோஸ்ட்ரூப் எல்லாம் அதில் அடங்கும். 1960, 70களில் நகரத்தின் நெரிசலான பழைய வீடுகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்களை வெளியே கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி. அப்புறம் துருக்கி, பாகிஸ்தான், யூகோஸ்லாவியா போன்ற இடங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இங்கேதான் தங்கினார்கள், ஏனென்றால் வாடகை வீடு இங்கேதான் இருந்தது. வடக்கே கெண்டோஃப்ட, ருடெர்ஸ்டால் பக்கம் சொந்தத் தனி வீடுகள், பணக்காரர்கள். மேற்கே அடுக்குமாடி வாடகை வீடுகள், உழைப்பாளிகள். இந்தப் பிரிவு கட்டும்போதே உருவானது. உங்கள் நண்பர் சொன்னதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தப் பழைய வகுப்புப் பிரிவுதான்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் டென்மார்க் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வசிக்கும் குடியிருப்பில் பாதிப்பேருக்கு மேல் 'மேற்கத்தியர் அல்லாத' பின்னணி கொண்டவர்களாக இருந்து, வேலை, படிப்பு, வருமானம், குற்றம் ஆகிய நான்கில் இரண்டு அளவுகோல்களில் பின்தங்கினால், அது அரசின் பட்டியலில் ஏறும். தொடர்ந்து பட்டியலில் இருந்தால், அங்குள்ள குடும்ப வாடகை வீடுகளை 2030க்குள் 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். இடிக்கலாம், விற்கலாம், மற்ற விதமாக மாற்றலாம். முதலில் 'கெட்டோ' என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள், 2021இல் 'இணைச் சமூகம்' என்று மாற்றினார்கள். உங்கள் பக்கத்து நகராட்சியான ஹொய-டோஸ்ட்ரூப்பில் டோஸ்ட்ரூப்கோர், காடெஹேவகோர் இரண்டும் 2018 பட்டியலில் கடுமையான பிரிவில் இருந்தவை. பட்டியலை ஒவ்வொரு டிசம்பர் முதல் தேதியும் புதுப்பிக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் குடியிருப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நகராட்சியின் பெயரைத் தேடாதீர்கள், குடியிருப்பின் பெயரைத் தேடுங்கள். பட்டியல் ஊருக்குப் போடுவதில்லை, குறிப்பிட்ட கட்டடத் தொகுதிக்குப் போடுவது. இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், பிறந்த நாட்டை அளவுகோலாக வைத்து ஒருவர் வீட்டை இடிப்பது அநியாயம் என்பது என் கருத்து. நானும் நீங்களும் அந்தக் கணக்கில் 'மேற்கத்தியர் அல்லாதவர்'தான். இது என் கருத்து மட்டுமே, மேலே சொன்னவை சட்டத்தில் உள்ளவை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லக்கூடியது என் அனுபவம்தான், புள்ளிவிவரம் அல்ல. ஒன்பது வருடத்தில் ஒரு சைக்கிள் திருட்டுப் போனது. இரவு பதினொரு மணிக்கு என் மனைவி நிலையத்திலிருந்து தனியாக நடந்து வருவார், ஒரு நாளும் தயங்கியதில்லை. நிலையத்தை ஒட்டிய கடைவீதியில் சாயங்காலம் இளைஞர்கள் கூட்டமாக நிற்பார்கள், சத்தம் போடுவார்கள். முதலில் எனக்கும் கூச்சமாக இருந்தது, பிறகு அதில் பாதிப்பேர் என் மகனின் நண்பர்களுடைய அண்ணன்கள் என்று தெரிந்தது. ஊரில் சிறைச்சாலை இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். 1859இல் திறந்த வ்ரிட்ஸ்லொசெலில்ல சிறை மூடியாயிற்று, அந்த இடம் குடியிருப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. ஹெர்ஸ்டெட்வெஸ்டர் சிறை இன்னும் இயங்குகிறது. அதன் மதிலை ஒட்டியே மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள்.

வீடு எந்த வகை என்பது ஊரைவிட முக்கியம். ஆல்பெர்ட்ஸ்லுண்டில் பாதிக்கு மேல் 'ஆல்மென்' வீடுகள். லாபநோக்கு இல்லாத வீட்டுச் சங்கங்கள் நடத்தும் வாடகை வீடு அது. ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் பெயர் பதியலாம், வரிசைப்படி கிடைக்கும். காலியாகும் வீடுகளில் நான்கில் ஒன்றை அவசரத் தேவை உள்ளவர்களுக்காக நகராட்சி எடுத்துக்கொள்ளலாம். சில குடியிருப்புகளில் வேலையில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடும் உண்டு, உங்களுக்கு அது சாதகம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, குடியிருப்பவர்களே வரவுசெலவை வாக்கெடுத்து முடிவு செய்வது. என் முதல் கூட்டம் நினைவிருக்கிறது. பொது அறையில் நீள மேசைகள், ஃப்ளாஸ்க்கில் காப்பி, யாரோ வீட்டில் செய்த கேக். வேலியைப் புதிதாகப் போடுவதா, துணி துவைக்கும் இயந்திரத்தை மாற்றுவதா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் கணக்கின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, "இந்த இரண்டாயிரம் குரோனர் போன வருடமும் இருந்ததே, எங்கே போனது?" என்று கேட்டார். பதில் வரும்வரை உட்காரவில்லை. டேனிஷ் பாதிதான் புரிந்தது, ஆனாலும் எனக்கும் ஒரு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். இயந்திரத்துக்குப் போட்டேன்.

தனியார் வீடு என்றால் எச்சரிக்கையாக இருங்கள். மூன்று மாத முன்பணம், அதற்கு மேல் மூன்று மாத வாடகை முன்கூட்டியே என்று சட்டப்படியே கேட்கலாம். முதல் மாத வாடகையும் சேர்த்தால் ஏழு மாதத் தொகை ஒரே நாளில் கையைவிட்டுப் போகும், அதற்குத் தயாராக வாருங்கள். அதைவிட முக்கியமானது முகவரிப் பதிவு. குடியேறிய ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அது இல்லாமல் சி.பி.ஆர். எண் என்ற தனிநபர் அடையாள எண் இல்லை, மஞ்சள் மருத்துவ அட்டை இல்லை, வங்கிக் கணக்கும் இழுபறிதான். நான் வந்த புதிதில் பிடித்த முதல் வீட்டின் உரிமையாளர், பணம் வாங்கியபின் "பதிய மட்டும் வேண்டாம்" என்றார். ஆறு வாரம் அலைந்தேன், முன்பணத்தில் பாதி திரும்பவே இல்லை. பதிய ஒத்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுத்தாக இல்லாத வீட்டுக்கு ஒரு குரோனர்கூட அனுப்ப வேண்டாம்.

வரி பற்றிச் சுருக்கமாக. நகராட்சி வருமான வரி நாடு முழுவதும் சராசரியாக 25 சதவீதம் அளவில் இருக்கிறது. வடக்கே பணக்கார நகராட்சிகளில் ஓரிரண்டு புள்ளி குறையும். ஆனால் உங்கள் சம்பளம் வெளிநாட்டு நிபுணர்களுக்கான சிறப்பு வரித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால், ஏழு வருடம் வரை மொத்தமே 32.84 சதவீதம்தான், எந்த நகராட்சி என்பது அந்தச் சம்பளத்தைப் பொறுத்தவரை கணக்கிலேயே வராது. இதை வேலை தருபவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தகுதி இல்லை என்றாலும் ஒரு புள்ளி வித்தியாசம் வருடத்துக்கு ஐந்தாயிரம் குரோனர் அளவில்தான் வரும். வடக்கே வாடகையில் கூடுதலாகக் கொடுப்பது அதை இரண்டே மாதத்தில் விழுங்கிவிடும்.

பெண்ணின் படிப்பு. இங்கே பள்ளி, ஆறு வயது நிறையும் ஆண்டின் ஆகஸ்டில் 'சைபர் வகுப்பில்' தொடங்கும். அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பள்ளி வட்டாரம் உண்டு, அந்தப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது. அதுவரை மழலையர் பள்ளி. அதன் செலவில் பெற்றோர் தருவது அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு. ஐந்து வயதில் வரும் குழந்தைக்கு மொழி பெரிய தடையாக இருக்காது என்று நான் நினைக்கிறேன். என் மகன் நான்கரை வயதில் வந்தான், முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை, நாங்கள் கலங்கிப்போனோம். நான்காவது மாதம் தூக்கத்தில் டேனிஷில் பேசினான். எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். வெஸ்டைனன் பள்ளிகளில் ஒரு நன்மை உண்டு: டேனிஷ் தெரியாமல் வரும் பிள்ளை ஆசிரியர்களுக்குப் புதிதில்லை.

சுற்றியுள்ள ஊர்களில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது பாலரூப், அதே நகராட்சியைச் சேர்ந்த ஸ்கோவ்லுண்ட, மொலொவ், அப்புறம் ஹெர்லெவ். எல்லாம் நடுவிரலில், ஒரே ரயிலில். ஹெர்லெவை 120 மீட்டர் உயர மருத்துவமனைக் கட்டடத்தை வைத்துத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். குளோஸ்ட்ரூப் டிராமுக்கு நல்லது. வாலன்ஸ்பெக் சிறியது, தனி வீடுகள் அதிகம், வாடகைக்குக் கிடைப்பது குறைவு. ப்ரொன்பி கடற்கரைப் பகுதியின் பன்னிரண்டு உயர மாடிக் கட்டடங்களில் ஐந்தை, கட்டுமானப் பொருட்களில் இருந்த பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருளால் இடிக்க வேண்டிவந்தது. அந்தக் காலத்துக் கட்டடம் எதுவானாலும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இஷ்ஹொயில் வேலைக்கு வசதி இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. 1980இல் மனிதர்கள் மணல் கொட்டி உருவாக்கிய ஏழு கிலோமீட்டர்க் கடற்கரையும், 1996இல் திறந்த ஆர்கன் கலைக்கூடமும் அங்கே இருக்கின்றன.

ஆல்பெர்ட்ஸ்லுண்டுக்கும் பாலரூப்புக்கும் நடுவில் இருக்கும் வெஸ்ட்ஸ்கோவன் காட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது பழைய காடு இல்லை. 1967இல் விவசாய நிலத்தை வாங்கி நடத் தொடங்கியது. அதன் நடுவில் கட்டட மண்ணைக் குவித்து உண்டாக்கிய 67 மீட்டர்க் குன்று ஒன்று இருக்கிறது, ஹெர்ஸ்டெட்ஹொய. அங்கே 2016இல் தாமஸ் டம்போ என்ற கலைஞர் பழைய பலகைகளைக் கொண்டு செய்த பெரிய மர பூதம் ஒன்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். மேற்கு நகராட்சிகளில் இப்படி ஆறு பூதங்களை ஒளித்து வைத்திருக்கிறார். உங்கள் பெண்ணுக்கு ஊரைப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உச்சியில் நின்றால் இரண்டு விரல்களும் ஒரே பார்வையில் தெரியும், உங்கள் அலுவலகப் பக்கமும்.

என் முடிவு இதுதான். முதல் வருடத்துக்கு உங்கள் விரலிலேயே, ஸ்கோவ்லுண்ட அல்லது ஹெர்லெவ் பக்கம், முகவரி பதியக்கூடிய வாடகை வீடாகப் பிடியுங்கள். புது நாடு, புது வேலை, புதுக் குளிர், இவற்றோடு தினமும் ரயில் மாறும் அலைச்சலும் சேர வேண்டாம். அதே வாரத்தில் ஆல்பெர்ட்ஸ்லுண்ட் வீட்டுச் சங்கத்தின் வரிசையில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பயத்தில் ஒதுக்க வேண்டிய ஊர் இல்லை அது, உங்கள் பயணத்துக்கு மட்டும்தான் இப்போது ஒத்துவரவில்லை. வரிசையில் பெயர் மேலே வரும்போது பெண் பள்ளியில் இருப்பாள், டிராமும் முழுதாக ஓடலாம், உங்களுக்கும் சைக்கிள் பழகியிருக்கும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாக ஆல்பெர்ட்ஸ்லுண்டில் இறங்கி, கால்வாயை ஒட்டித் தெற்கே நடந்து, எதிர்ப்படும் முதல் பள்ளி வரை போங்கள். வழியில் எத்தனை இடத்தில் பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.